புதிய மேக் எப்போது வரும் என்று காத்திருப்பவருக்கு

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: பல ஆண்டுகளாக ஆப்பிளின் மேக் தவிர வேறு கணினியைத் தொட்டதில்லை. இப்போது வாங்க நினைக்கும் மாடல் வெளிவந்து வெகுகாலம் ஆகிவிட்டது. உள்ளே இருக்கும் சிப் பழையது. விலை மட்டும் வெளிவந்த அன்று இருந்த அதே விலை. மற்ற நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கின்றன. உலகின் பெரும் பணக்கார நிறுவனங்களில் ஒன்றான ஆப்பிளுக்கு அது ஏன் முடியவில்லை? காத்திருப்பதா, இருப்பதை வாங்கிவிடுவதா, கட்சி மாறிவிடுவதா?

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அது யார் மீது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘தாமதம்’ என்று நாம் ஒரே சொல்லில் திட்டுவதற்குள் மூன்று வெவ்வேறு விஷயங்கள் இருக்கின்றன. சிப் தயாரித்துத் தருபவர் தாமதிப்பது ஒன்று. தான் வரைந்த வடிவமைப்பிலேயே நிறுவனம் மாட்டிக்கொள்வது இன்னொன்று. மூன்றாவது, அந்த மாடலைப் புதுப்பிக்க வேண்டும் என்ற அவசரம் நிறுவனத்துக்குள் யாருக்கும் இல்லாதது. முதல் இரண்டுக்கும் என்றைக்காவது முடிவு உண்டு. மூன்றாவதில் காத்திருப்பவருக்கு நம்பிக் காத்திருக்க எந்த ஆதாரமும் கிடையாது. நீங்கள் எதில் இருக்கிறீர்கள் என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

சிப் தருபவரால் வரும் தாமதம் மேக்கின் வரலாற்றில் புதிதல்ல. 1999 ஆகஸ்ட் இறுதியில் பவர் மேக் ஜி4 என்ற மேசைக் கணினி அறிவிக்கப்பட்டபோது அதன் உச்ச வேகம் 500 மெகாஹெர்ட்ஸ். அதற்குச் சிப் தயாரித்த மோட்டரோலாவால் அந்த வேகத்தில் சிப்களைத் தர முடியவில்லை. அக்டோபரில் ஆப்பிள் மூன்று மாடல்களின் வேகத்தையும் 50 மெகாஹெர்ட்ஸ் குறைத்தது; விலையைக் குறைக்கவில்லை. புதுப்பிக்காமல் இருப்பதாவது பரவாயில்லை, பின்னோக்கிப் புதுப்பித்த கதை இது. 2000 மார்ச்சில், மற்ற கணினிகளுக்குச் சிப் தரும் ஏஎம்டியும் இன்டெலும் சில நாள் இடைவெளியில் 1 கிகாஹெர்ட்ஸைத் தொட்டன. மேக் 500-ஐத் தாண்டி 733-ஐ எட்டியது 2001 ஜனவரியில்தான். இடையில் ஆப்பிள் செய்தது, வேகமான ஒரு செயலி கிடைக்காததால் ஒரே பெட்டிக்குள் இரண்டு செயலிகளை வைத்து விற்றது.

அடுத்து சிப் தந்தது ஐபிஎம். 2003 ஜூனில் அதன் 2 கிகாஹெர்ட்ஸ் ஜி5 சிப் வந்தபோது, பன்னிரண்டு மாதங்களில் 3 கிகாஹெர்ட்ஸ் வரும் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் வாக்குக் கொடுத்தார். ஓராண்டு கழித்து வந்தது 2.5. அதைக் குளிர்விக்கவே திரவக் குளிரூட்டல் தேவைப்பட்டது. அவ்வளவு சூடான சிப்பை மடிக்கணினிக்குள் வைக்க வழியே இல்லாததால் ஜி5 கொண்ட பவர்புக் (ஆப்பிளின் அன்றைய மடிக்கணினி) கடைசிவரை வரவில்லை. 2005 ஜூனில் இன்டெலுக்கு மாறுவதாக ஜாப்ஸ் அறிவித்தபோது, நிறைவேறாத இந்த இரண்டையும் அவரே மேடையில் ஒப்புக்கொண்டார். வாடிக்கையாளரை விட நிறுவனமே தாமதத்தால் அதிகம் அவதிப்பட்ட காலம் அது. இப்படிப்பட்ட சமயத்தில் கோபப்படுவதால் பயனில்லை. அவர்களும் நம்முடன் வரிசையில் நிற்கிறார்கள்.

இன்டெலோடு முதல் சில ஆண்டுகள் இனிதாகவே கழிந்தன. ஓர் ஆண்டு டிரான்சிஸ்டர்களைச் சிறிதாக்குவது, அடுத்த ஆண்டு உள்கட்டமைப்பை மாற்றுவது என்று கடிகாரம் போல அது ஓடிக்கொண்டிருந்தது. 14 நானோமீட்டர் எனப்பட்ட தயாரிப்புக் கட்டத்தில் கடிகாரம் தடுமாறியது. 10 நானோமீட்டரில் நின்றேவிட்டது. 2016 வாக்கில் எதிர்பார்க்கப்பட்ட 10 நானோமீட்டர் சிப்கள் பெரிய அளவில் வெளிவந்தது 2019-இல். இதன் விளைவை மேக் வாங்குபவர்கள் நேரடியாக உணர்ந்தது 2016 மேக்புக் ப்ரோவில். அவ்வளவு விலை கொடுத்தாலும் 16 ஜிபிக்கு மேல் ரேம் கிடையாது. மின்சாரத்தைக் குறைவாக உறிஞ்சும் எல்பிடிடிஆர்3 வகை நினைவகம் 16 ஜிபியோடு நின்றது. அடுத்த வகையான எல்பிடிடிஆர்4-ஐ அன்றைய இன்டெல் செயலிகள் ஏற்கவில்லை. 2018-இல் ஆப்பிள் ஒரு குறுக்கு வழி எடுத்தது. மேசைக் கணினிகளில் இருக்கும் சாதாரண டிடிஆர்4-ஐப் போட்டு, அது குடிக்கும் கூடுதல் மின்சாரத்துக்காக 15 அங்குல மாடலின் பேட்டரியையும் பெரிதாக்கி, 32 ஜிபி கொடுத்தது. அந்த வழி 2016-லேயே திறந்துதான் இருந்தது, கணினி சற்றுத் தடிமனாகலாம் என்று ஒப்புக்கொண்டிருந்தால். ஆக இன்டெலின் மீது போடும் பழியிலும் ஒரு பங்கு ஆப்பிளின் மெலிவு மோகத்துக்குப் போகிறது.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் மற்ற நிறுவனங்களைப் பார்த்து ஏங்கும்போது, அவை எதைப் புதுப்பித்தன என்றும் பார்க்க வேண்டும். 2015-இல் வந்த ஸ்கைலேக் மையத்தையே (மையம் என்பது செயலிக்குள் கணக்கிடும் பகுதி), மேசைக் கணினிகளுக்கு, இன்டெல் 2020 வரை பெயர் மாற்றி மாற்றி விற்றது. கேபி லேக், காபி லேக், காமெட் லேக் என்று ஏரிகள் மாறின, தண்ணீர் ஒன்றுதான். வேகம் கொஞ்சம் ஏறியது, மையங்களின் எண்ணிக்கை கூடியது. எண்ணிக்கை கூடியது உண்மையான லாபம், மறுக்கவில்லை. ஆனால் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் தலைமுறை எண்ணைப் பார்த்து, ‘அங்கே நான்கு தலைமுறை ஓடிவிட்டது, நாம் இன்னும் இங்கேயே நிற்கிறோம்’ என்று புலம்புவதில் பாதி, விளம்பரத்துக்கு நாம் கொடுக்கும் மரியாதை. தவிர, அந்த நிறுவனங்கள் பல்லாயிரம் வடிவங்களை ஒரு சில பொதுவான மதர்போர்டு வரைபடங்களிலிருந்து எடுக்கின்றன. புதிய சிப் வந்ததும் மாற்றிப் போடுவது அவற்றின் அன்றாடத் தொழில். ஆப்பிள் விரல்விட்டு எண்ணக்கூடிய மாடல்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் போர்டிலிருந்து விசிறி வரை தனியாக வரைகிறது. அந்த உழைப்பின் பலனைத்தான் நீங்கள் விரும்புகிறீர்கள். அதற்கான விலையில் ஒரு பகுதி இந்த மந்தம்.

இரண்டாவது வகைக்கு, அதாவது தன் வடிவமைப்பிலேயே மாட்டிக்கொள்வதற்கு, ஆப்பிளின் தொழில்முறை மேசைக் கணினியான 2013 மேக் ப்ரோவை மிஞ்சிய உதாரணம் இல்லை. கறுப்பு உருளை, சுமார் 25 சென்டிமீட்டர் உயரம், உள்ளே முக்கோண வடிவில் ஒரு வெப்பக் கடத்தி. அதன் ஒரு பக்கம் செயலி, மற்ற இரு பக்கங்களில் இரண்டு கிராஃபிக்ஸ் சிப்கள், உச்சியில் ஒரே விசிறி. அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த முக்கோணத்துக்குள் ஒரு பந்தயம் இருந்தது: வருங்காலத்தில் கனமான வேலைகள் நடுத்தரமான இரண்டு கிராஃபிக்ஸ் சிப்களுக்கிடையே பிரிந்து ஓடும் என்ற பந்தயம். உலகம் எதிர்த் திசையில் போனது. ஒரே ஒரு பெரிய, மிகச் சூடான கிராஃபிக்ஸ் கார்டுதான் வேண்டும் என்றார்கள். மூன்று பக்கங்களும் ஏறக்குறைய சமமான சூட்டைத் தரும் என்று கணக்கிட்டு வரைந்த பெட்டியில், ஒரு பக்கம் மட்டும் கொதிக்கும் சிப்பை வைக்க முடியாது. இன்டெல் 2014-லும் 2016-லும் அடுத்தடுத்த ஜியான் செயலிகளைக் கொடுத்தது. ஆப்பிள் இரண்டையும் தொடவில்லை. செயலியை மட்டும் மாற்றுவதற்கு வெப்பம் ஒரு தடையாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். கிராஃபிக்ஸை மாற்ற முடியாத பெட்டிக்குச் செயலி மட்டும் எதற்கு என்று விட்டுவிட்டார்கள் போலும். இதற்கு இன்டெல் பொறுப்பல்ல.

2017 ஏப்ரலில் நடந்தது ஆப்பிளின் வழக்கத்துக்கே மாறானது. சில பத்திரிகையாளர்களை அழைத்து, நிறுவனத்தின் உயர் அதிகாரிகளான ஃபில் ஷில்லரும் கிரெய்க் ஃபெடரிகியும் ஜான் டர்னஸும் உட்கார்ந்து பேசினார்கள். வெப்பத்தைப் பொறுத்தவரை தாங்களே தங்களை ஒரு மூலைக்குள் தள்ளிக்கொண்டதாக ஃபெடரிகி ஒப்புக்கொண்டார். புதிய மேக் ப்ரோ உருவாகிறது, ஆனால் அந்த ஆண்டு வராது என்றும் சொன்னார்கள். அதே நாளில் பழைய உருளையில் 2,999 டாலர் மாடலின் நான்கு மையங்கள் ஆறாகவும், 3,999 டாலர் மாடலின் ஆறு மையங்கள் எட்டாகவும் உயர்த்தப்பட்டன. அந்தப் பாகங்களும் 2013-இன் பாகங்களே. கோபுர வடிவிலான புதிய மேக் ப்ரோ விற்பனைக்கு வந்தது 2019 டிசம்பரில், 5,999 டாலர் தொடக்க விலையில். உருளை வந்தது 2013 டிசம்பர். நடுவில் ஆறு ஆண்டுகள்.

இவ்வளவு திட்டினாலும், அந்த 2017 சந்திப்பை நான் மதிக்கிறேன். தாமதத்தை அது ஒரு நாள்கூடக் குறைக்கவில்லை. ஆனால் காத்திருப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யத் தேவையான ஒரே தகவலை வாங்குபவர் கையில் கொடுத்தது. பலர் அன்றே வேறு கணினி வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கும் அது நன்மைதான்.

இப்போது மூன்றாவது வகை, யாருக்கும் அவசரம் இல்லாதது. திரையில்லாத சிறு மேசைக் கணினியான மேக் மினியின் ஒரு மாடல் 2014 அக்டோபரில் வந்தது. அதற்கு முந்தைய 2012 மாடலில் நான்கு மையச் செயலியை 799 டாலருக்கு வாங்க முடிந்தது. ரேமை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். 2014-இல் இரண்டும் போய்விட்டன: செயலியில் இரண்டு மையங்கள் மட்டுமே, ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது. இரண்டு மையம், நான்கு மையம் ஆகியவற்றுக்குத் தனித்தனி போர்டு செய்ய வேண்டியிருந்தது என்பதே பரவலாகச் சொல்லப்பட்ட விளக்கம். அதாவது, இந்த மாடலுக்காக இரண்டு போர்டுகளைச் செய்யும் அளவுக்கு அக்கறை இல்லை என்று பொருள். அடிப்படை மாடல் 1.4 கிகாஹெர்ட்ஸ், 4 ஜிபி ரேம், சுழலும் 500 ஜிபி வன்தட்டு, 499 டாலர். நான்கு ஆண்டுகள் அது அப்படியே, அதே 499 டாலருக்கு விற்கப்பட்டது. நடுவில் அப்போதைய தலைமை நிர்வாகி டிம் குக் ஒரு வாடிக்கையாளருக்கு எழுதிய பதிலில் மினி தங்கள் வரிசையில் முக்கியமான ஒன்றாக இருக்கும் என்றார். முக்கியமானதற்கே அந்த கதி.

மேக்புக் ஏர் கதை இன்னும் விசித்திரமானது, ஏனென்றால் அது அதிகம் விற்கக்கூடிய மாடல். 2015 மார்ச்சுக்குப் பிறகு, 2017 ஜூனில் அதற்குக் கிடைத்தது அடிப்படை வேகத்தில் 1.6-இலிருந்து 1.8 கிகாஹெர்ட்ஸுக்கு ஓர் உயர்வு. சிப் அதே 2015 தலைமுறை. திரை அதே 1440-க்கு 900. மிகக் கூர்மையான ரெட்டினா திரை 2012-லேயே மேக்புக் ப்ரோவுக்கு வந்துவிட்டிருந்தது. 2017 ஆகஸ்டில் இன்டெல் மெல்லிய மடிக்கணினிகளுக்கென்றே நான்கு மையச் செயலிகளை அறிவித்தது. மற்றவர்கள் வாரிக்கொண்டார்கள், ஏர் அசையவில்லை. ஆனால் 13 அங்குல மேக்புக் ப்ரோ நான்கு மையங்களுக்கு 2018 ஜூலைவரை காத்திருந்தது வேறு காரணத்துக்காக: அதற்குத் தேவையான வலுவான உள்ளமை கிராஃபிக்ஸ் கொண்ட சிப்பை இன்டெல் அந்த ஆண்டுதான் கொடுத்தது. ஒரே நிறுவனம், ஏறக்குறைய ஒரே காலம். ஒரு தாமதம் இன்டெலுடையது, மற்றொன்று ஆப்பிளுடையது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும்.

ஏன் இந்த அலட்சியம் என்பதற்கான பதிலில் பெரும்பகுதி கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. 2016 நிதியாண்டில் ஆப்பிளின் மொத்த விற்பனை சுமார் 21,560 கோடி டாலர். அதில் ஐஃபோன் 13,670 கோடி, மேக் 2,280 கோடி. பத்தில் ஒரு பங்கு. அந்தப் பத்தில் ஒரு பங்கிலும் பெரும்பகுதி மடிக்கணினிகள். மினியும் மேக் ப்ரோவும் மீதியில் சிறு துண்டுகள். 2,280 கோடி டாலர் தனி நிறுவனமாக இருந்தால் பெரிய நிறுவனம் என்பது வேறு விஷயம். பணம் இருக்கிறதே, ஆட்களை எடுக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். பணத்தை விட அரிதானது, ஆப்பிள் தன் தரத்துக்கு ஏற்றவர்கள் என்று நம்பும் அனுபவமிக்க பொறியாளர்களின் நேரம். பொருளுக்கு ஒரு பிரிவு என்று இல்லாமல் ஒரே குழுக்களை எல்லாப் பொருள்களுக்கும் பயன்படுத்தும் அமைப்பு அது. ஐஃபோனுக்கு ஒவ்வொரு செப்டம்பரும் தேதி குறிக்கப்பட்டிருக்கிறது. மினிக்குத் தேதி இல்லை. தேதி இல்லாத வேலை எந்த அலுவலகத்திலும் கடைசிக்குத்தான் போகும்.

இந்த வாதத்துக்கு ஒரு நல்ல சோதனை 2020-இல் கிடைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் மேக்குக்கான எம்1 சிப் வந்தது. சிப்பை ஆப்பிளே வடிவமைக்கிறது, தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனம் அச்சிட்டுத் தருகிறது. இனி இன்டெல் என்ற சாக்கு இல்லை. தாமதத்துக்கு இன்டெல்தான் முழுக் காரணம் என்றால் அதன்பின் எல்லா மேக்கும் ஒரே சீராகப் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். மடிக்கணினிகள் ஓரளவு அப்படித்தான் போயின. மற்றவை?

2021 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட 24 அங்குல ஐமேக், எம்2-ஐ முற்றிலும் தாண்டிக் குதித்து, 2023 அக்டோபரில் எம்3 பெற்றது. எம்2 சிப் 2022 ஜூலையிலிருந்தே மேக்புக் ஏரில் ஓடிக்கொண்டிருந்தது, சிப்புக்குப் பஞ்சமில்லை. மினி எம்2-விலிருந்து நேராக எம்4-க்குப் போனது, 2023 ஜனவரியிலிருந்து 2024 அக்டோபர்வரை காத்து. மேக் ப்ரோ 2023 ஜூனில், எம்2 வரிசையின் உச்ச சிப்பான எம்2 அல்ட்ராவோடு வந்தது. 2025 மார்ச்சில் மேக் ஸ்டூடியோ என்ற மேசைக் கணினி எம்3 அல்ட்ராவுக்கு நகர்ந்தபோது, அதைவிட விலை கூடிய மேக் ப்ரோ எம்2 அல்ட்ராவிலேயே நின்றது. அதிக விலை கொடுப்பவருக்குப் பழைய சிப். 27 அங்குல ஐமேக்கோ புதுப்பிக்கப்படவே இல்லை. 2022 மார்ச்சில் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. அதற்காகக் காத்திருந்தவர்கள் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரியாமலேயே காத்திருந்தார்கள்.

ஆகவே சிப் கையில் இருப்பது தேவையான நிபந்தனை, போதுமான நிபந்தனை அல்ல. புதிய சிப்புக்குப் போர்டை மாற்றி வரைய வேண்டும், வெப்பத்தைச் சோதிக்க வேண்டும், கம்பியில்லாத் தொடர்புக்கான ஒப்புதல்களைப் பெற வேண்டும், பழைய சரக்கை விற்றுத் தீர்க்க வேண்டும். நிறுவனம் கேட்கும் கேள்வி, ‘இதையெல்லாம் செய்தால் கூடுதலாக எத்தனை பேர் வாங்குவார்கள்?’ ஐமேக் வாங்குபவர்களில் பெரும்பாலோர் சிப்பின் எண்ணைக் கேட்பதில்லை. கேட்கிறவர் நீங்கள்தான், நீங்கள் சிறுபான்மை.

எனக்கு உண்மையில் எரிச்சல் தருவது தாமதம் அல்ல, தாமதத்தோடு சேர்ந்து வரும் மௌனமும் அசையாத விலையும். மௌனத்துக்கு ஒரு வணிகக் காரணம் உண்டு. 1983-இல் ஆஸ்போர்ன் என்ற கணினி நிறுவனம், அடுத்த மாடலைப் பற்றி முன்கூட்டியே பேசியதால் இருக்கும் மாடலின் விற்பனை படுத்து, அதே ஆண்டு திவாலானதாகச் சொல்வார்கள். அந்த வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் இருந்தன என்றாலும், கணினித் தொழிலில் எல்லோருக்கும் அந்தப் பயம் ஒட்டிக்கொண்டது. சரி, புதியது எப்போது என்று சொல்ல வேண்டாம். விலையைக் குறைக்கலாமே? ஒரு பொருள் பழையதாகிவிட்டது என்பதை விலை மூலம் சொல்வது ரகசியம் எதையும் உடைப்பதில்லை. செய்யமாட்டார்கள். லாப விகிதம் கெட்டுவிடும்.

அந்த மௌனத்துக்கு விலை கொடுப்பது, விவரம் தெரியாமல் கடைசி நாட்களில் வாங்குபவர். இது பலரும் யோசிக்காத பகுதி, அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். மேக் ஒன்றுக்கு இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. உதிரிபாகத்துக்கும் பழுதுபார்ப்புக்குமான கடிகாரம், அந்த மாடலின் விற்பனை நிறுத்தப்பட்ட நாளிலிருந்து தொடங்குகிறது: 5 ஆண்டுகள் கடந்தால் ‘விண்டேஜ்’, 7 ஆண்டுகள் கடந்தால் காலாவதி. இதில் தாமதமாக வாங்கியவருக்கு நஷ்டம் இல்லை. ஆனால் இயங்குதளத்துக்கான கடிகாரம் நடைமுறையில் அந்த வன்பொருள் எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்து ஓடுகிறது. நீங்கள் எப்போது வாங்கினீர்கள் என்று அது கேட்பதில்லை.

2018 அக்டோபர் தொடக்கத்தில் ஒருவர் மேக் மினி வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கையில் வந்தது 2014 மாடல். அதற்குக் கிடைத்த கடைசி மேக்ஓஎஸ் (மேக்கின் இயங்குதளம்), 2021-இல் வந்த மான்டரே பதிப்பு. அடுத்த மாதம் வாங்கியவருக்குக் கிடைத்தது 2018 மாடல். அது 2024-இல் வந்த செக்கோயா வரை போனது. சில வாரங்கள் முந்தியதற்கு மூன்று பதிப்புகள் இழப்பு. மேக் ப்ரோவில் இது இன்னும் கொடுமை. 2019 நவம்பரில் 2,999 டாலர் கொடுத்து உருளையை வாங்கியவருக்கும் கடைசிப் பதிப்பு அதே மான்டரேதான். 2022 அக்டோபரில் அடுத்த பதிப்பான வென்சுரா வந்தபோது, அதை ஓட்டக்கூடிய கணினிகளின் பட்டியலில் மூன்று வயதுகூட நிரம்பாத அவருடைய கணினி இல்லை. ஒரு மாதம் பொறுத்திருந்தால் 2025-இன் டாஹோ வரை போகும் கணினி கிடைத்திருக்கும். இருமடங்கு விலையில் என்பது உண்மைதான். ஆனால் உருளையை முழு விலைக்கு விற்றது எந்த வகையிலும் நேர்மை இல்லை.

முன்பெல்லாம் இந்த மந்தத்தை ஓரளவு சகித்துக்கொள்ள முடிந்ததற்குக் காரணம், பெட்டியைத் திறக்க முடிந்தது. 2010 மேக் ப்ரோவுக்குள் பிற்காலத்து கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றைச் செருகி, 2018-இன் மொஹாவே பதிப்பு வரை ஓட்டியவர்கள் ஏராளம். வட்டை மாற்றினார்கள், ரேமைக் கூட்டினார்கள், செயலியைக்கூட மாற்றினார்கள். நிறுவனம் புதுப்பிக்காவிட்டால் நாமே புதுப்பித்துக்கொண்டோம். எம் வரிசை சிப்களில் நினைவகம் சிப்போடு சேர்ந்தே வருகிறது, கிராஃபிக்ஸும் அதற்குள்ளேயே. 2023 மேக் ப்ரோவில் செருகுவாய்கள் இருக்கின்றன, ஆனால் கிராஃபிக்ஸ் கார்டை அவை ஏற்காது. வேகத்துக்கும் மின்சாரச் சிக்கனத்துக்கும் இந்த ஒருங்கிணைப்புதான் காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கதவை மூடிய நிறுவனத்துக்குப் புதுப்பிக்கும் கடமை கூடுகிறது. இரண்டையும் செய்யாமல் இருப்பதுதான் குற்றம்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? முதலில், உங்களுக்கு வேண்டிய சிப் வேறொரு மேக்கில் ஏற்கெனவே ஓடுகிறதா என்று பாருங்கள். மேக்புக் ஏரிலோ ப்ரோவிலோ புதிய சிப் வந்து, நீங்கள் கேட்கும் மேசைக் கணினிக்கு இன்னும் வரவில்லை என்றால், சில மாதங்கள் பொறுப்பதில் அர்த்தமுண்டு. ஐமேக்கின் கதை நடக்கவும் வாய்ப்புண்டு, எனவே பொறுமைக்கு ஒரு தேதியை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதி தாண்டினால் வாங்கிவிடுங்கள், பிறகு திரும்பிப் பார்க்காதீர்கள். புதிய மேக்குகள் பெரும்பாலும் மார்ச், ஜூன், அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் வந்திருக்கின்றன. அந்த மாதங்களுக்குச் சற்று முன்னால் அவசரம் இல்லாதவர் வாங்கக் கூடாது. அவசரம் உள்ளவர், திருப்பிக் கொடுக்க வாய்ப்புள்ள இடத்தில் வாங்க வேண்டும். ஆப்பிளின் சொந்தக் கடையில் வழக்கமான அவகாசம் 14 நாட்கள்.

விற்பனை குறைந்த மாடல், எந்த அறிவிப்பும் இல்லை, வதந்திகள் மட்டும் உண்டு என்றால், புதியது வரவே வராது என்று வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். அந்தக் கணக்கில் இன்றைய மாடல் உங்கள் வேலைக்குப் போதுமா? போதும் என்றால் முழு விலை கொடுக்காமல், நிறுவனமே சரிபார்த்துக் குறைந்த விலைக்கு விற்கும் மறுசீரமைக்கப்பட்ட கணினியை எடுங்கள். பின்னால் கூட்ட முடியாது என்பதால் ரேமில் மட்டும் சிக்கனம் வேண்டாம். இன்டெல் சிப் கொண்ட மேக்கை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் முக்கிய வேலைக்கு இப்போது வாங்காதீர்கள். டாஹோதான் அவற்றுக்கான கடைசிப் பதிப்பு என்று 2025 ஜூனில் ஆப்பிளே அறிவித்துவிட்டது. சாதாரணக் கணினியில் மேக்ஓஎஸை ஏற்றி ஓட்டும் ஹாக்கின்டாஷ் வழியும் அதோடு முடிகிறது. 2013-க்கும் 2019-க்கும் இடையில் மேக் ப்ரோ கிடைக்காத பலர் அந்த வழியில்தான் பிழைத்தார்கள்.

கட்சி மாறுவதைப் பற்றி. உங்கள் வேலை பெரிய கிராஃபிக்ஸ் கார்டுகளை நம்பியது என்றால், குறிப்பாக என்விடியா கார்டுகளுக்கே உரிய குடா என்ற நிரல் தளம் இல்லாமல் ஓடாத மென்பொருள் என்றால், காத்திருப்பதில் பொருளே இல்லை. அது தாமதம் அல்ல. ஆப்பிள் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்ட பாதை. லினக்ஸோ விண்டோஸோ வைத்த கணினியை வாங்கி, மேக்கை மடியில் வைத்துக்கொள்ளும் சாதனமாக மட்டும் பயன்படுத்துங்கள். இரண்டையும் வைத்து நிம்மதியாக வேலை செய்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஐஃபோன் செயலி எழுதுபவர், ஆப்பிளின் காணொளி, இசை மென்பொருள்களான ஃபைனல் கட்டிலும் லாஜிக்கிலும் ஆண்டுக்கணக்கான வேலையைச் சேர்த்து வைத்திருப்பவர் ஆகியோருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அந்த மென்பொருள்கள் விண்டோஸிலோ லினக்ஸிலோ ஓடாது. மற்றவர்கள் மாறலாம். மாறுவதற்கு முன் உங்கள் பழைய கோப்புகளில் சிலவற்றை எடுத்து, புதிய இடத்தில் திறந்து, திருத்தி, சேமித்துப் பாருங்கள். எழுத்துருக்கள், குறுக்கு விசைகள், சிறு சிறு துணைக்கருவிகள் ஆகியவற்றில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். அவற்றுக்கு மாற்று கிடைத்துவிட்டால், புதிய மேக் வரும் நாளைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதே இல்லை.